கோணூசி குத்திய இடம்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ஸ்பீக்கர் என்று பெயர். சோபாவுக்கு உறை மாற்றும் பட்டறை எங்களுடையது. அளவெடுப்பது, துணி வெட்டுவது, தைப்பது என் வேலை. பழைய உறையைப் பிரிப்பது, உள்ளே மரச்சட்டம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது, ஸ்பிரிங் கட்டுவது, ஆணி அடிப்பது அவர் வேலை. பேசுவது முழுக்க அவர் வேலை. ஒரு நாற்காலியைக் கொண்டு வருகிறவர் அதை வாங்கிய கதை, உட்கார்ந்து தேய்த்தவர்களின் கதை எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி, பதிலுக்கு இரண்டு கதை கேட்டுக்கொண்டுதான் போக முடியும். "கொஞ்சம் மூச்சு விடுங்க, அவங்களும் பேசட்டும்" என்று தையல் மிஷினில் உட்கார்ந்தபடி எத்தனை முறை கத்தியிருப்பேனோ தெரியாது. என் வாய் முகூர்த்தம்தான் பலித்துவிட்டதோ என்று பிற்பாடு ஒரு நாள் உட்கார்ந்து அழுதேன். அப்படியெல்லாம் எதுவும் பலிப்பதில்லை என்று எனக்கும் தெரியும். அழும்போது தெரிந்ததெல்லாம் எங்கே ஞாபகத்துக்கு வருகிறது?

அவருக்கு ஒரு பழக்கம். குட்டை ஆணிகளை ஒரு பிடி அள்ளி இடது கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார், காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொள்ளும், அடுத்த நொடி ஆணி சட்டத்தில் இருக்கும். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையில் சுத்தியல், மூன்றாவது கைக்கு வாயைத்தான் நம்ப வேண்டிய தொழில். இதனால் அவருடைய இடது கன்னம் உப்பியிருப்பது எங்கள் வீட்டில் ஒரு செய்தியே இல்லை. ஒன்றரை வருடம் அந்தக் கட்டி எங்கள் கண்ணெதிரில் வளர்ந்திருக்கிறது. ஆணி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு விடுமுறை நாளில் சாப்பிட உட்கார்ந்தவரைப் பார்த்து, "ஆணியத் துப்பிட்டு வந்து உட்காருங்க, எத்தன தடவ சொல்றது?" என்றேன்.

"எந்த ஆணி? இன்னிக்குப் பட்டறையே திறக்கலயே" என்றார்.

கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். வாய் காலி. கன்னம் மட்டும் அப்படியே இருந்தது.

"அப்பவே சொன்னேன். இரும்ப வாயில போடாதடான்னு. ஊறி ஊறிக் கட்டி தட்டிடுச்சு" என்றார் என் மாமியார். அவருக்கு எல்லாவற்றையும் அப்போதே சொன்ன பெருமை உண்டு.

ஆஸ்பத்திரியில் தாடை அறுவை செய்யும் டாக்டரம்மா, ஆணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அதிகம் பேசாத மனுஷி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். "பல்லு உருவாகும்போது வேல முடிஞ்சு போக வேண்டியது கொஞ்சம் எலும்புக்குள்ளயே தங்கிடும். சில பேருக்கு அது பின்னால கட்டியா வளரும். உடம்பு முழுக்கப் பரவுற ஜாதி இல்ல. ஆனா இருக்குற இடத்துல எலும்பத் தின்னுட்டே போகும். சுரண்டி எடுத்தாத் திரும்ப வந்துடும். எலும்போட சேத்துத்தான் எடுக்கணும்."

எடுத்தார்கள். கீழ்த்தாடையின் இடது பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு எலும்பு, அதிலிருந்த பற்கள், அதற்குள் ஓடிய நரம்பு எல்லாம் போனது. இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு டைட்டானியம் தகட்டைத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். கட்டி எலும்பைத் தாண்டி வெளியே வராததால் எலும்பின் மேல் இருக்கும் மெல்லிய ஜவ்வை உரித்து அப்படியே விட்டிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு அவர் என்ன சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன். ஆறு மாதம் கழித்துக் காலிலிருந்து ஒரு எலும்பை வெட்டி எடுத்துத் தாடையில் பொருத்துவது அடுத்த கட்டம். அதுவரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது சின்ன டாக்டர் ஒருவர் தாளைப் படித்துக் காட்டினார். வாய் கொப்பளிப்பது, மாத்திரை, மறுபடி வர வேண்டிய தேதி. கடைசி வரி இதுதான்: அந்த இடத்தில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் தாமதிக்காமல் வரவும்.

"ஏன், வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"திரும்ப வந்திருந்தா காதுகிட்ட இருக்குற மூட்டு வரைக்கும் எடுக்க வேண்டி வரும். பேச்சு, முகம் ரெண்டும் ரொம்ப மாறிடும். அதெல்லாம் இப்ப எதுக்கு யோசிக்கிறீங்க?" என்றார். எதற்கு யோசிக்கிறீர்கள் என்று சொல்லப்பட்ட விஷயத்தைத் தவிர வேறெதையும் நான் அதற்குப் பிறகு யோசிக்கவில்லை.

முதல் இரண்டு மாதம் அவர் பேசவில்லை. வீட்டில் அப்படி ஒரு அமைதி. நான் எத்தனையோ வருடமாகக் கேட்டு வாங்க நினைத்த அமைதிதான், கையில் வந்ததும் கசந்தது. அரைத்து வடிகட்டியதைக் குடித்தார், ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினார். அதிலும் வளவளவென்றுதான் எழுதுவார், துடைக்க ஒரு துணி போதாது. இதற்கு நடுவில் மாமியார் காந்தச் சுத்தியலை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார். தாடையில் இருக்கும் தகட்டைச் சுத்தியல் இழுத்துவிடுமாம். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் இவரே தேடி எடுத்து வந்து, அம்மாவின் முன்னால் சுத்தியலைக் கன்னத்தில் வைத்துக் கையை விட்டுக் காட்டினார். சுத்தியல் காலில் விழுந்தது. அந்த வலியில் "அம்மா" என்று கத்தியதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. நரம்பு போனதால் இடது பக்கக் கீழுதடும் முகவாயும் ஈறும் மரத்துப் போயிருந்தன. எச்சில் வழிந்தால் தெரியாது. அதனால் தோளில் எப்போதும் ஒரு துண்டு. வந்தவர்களிடம் பாதிக் கதை சொல்வார், களைத்துப்போய் மீதியை என்னைச் சொல்லச் சொல்வார். எனக்கு அவ்வளவு அழகாகப் பொய் சேர்த்துச் சொல்ல வராது. இருந்தாலும் சொன்னேன்.

முகச்சவரம் என் பொறுப்பாகிவிட்டது. மரத்த இடத்தில் அவரே செய்தால் வெட்டிக்கொள்வார், ரத்தம் சட்டையில் விழுந்த பிறகுதான் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, தோலை விரலால் இழுத்துப் பிடித்துச் செய்துவிடுவேன்.

நான்காவது மாதத்தில் ஒரு நாள் அப்படி இழுத்துப் பிடித்தபோது என் விரல் நின்றது. துணிக்கு மேலே கை வைத்து உள்ளே இருப்பது பஞ்சா, ஸ்பிரிங்கா, மரமா, முடிச்சா என்று சொல்வது எங்களுக்குச் சோறு போடும் வித்தை. தகடு எங்கே ஓடுகிறது, எங்கே திருகாணி இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தகட்டுக்குப் பின்னால் நான்கு மாதமாக மெத்தென்று இருந்த இடத்தில் இப்போது ஏதோ இருந்தது. ஒரு பக்கம் பயறு அளவுக்கு, கொஞ்சம் தள்ளி விரல் நுனி அளவுக்கு. அழுத்தினால் அமுங்கவில்லை.

இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.

"என்ன, தூங்கிட்டியா? நுரை காயுது" என்றார் அவர்.

"பேசாம இருங்க, வெட்டிடும்" என்று சொல்லிவிட்டு மீதியைச் செய்து முடித்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். தாமதிக்காமல் வரவும் என்று தாளில் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். நான் போகவில்லை. அந்த வாரம்தான் அவர் ஒரு கதையை முதலிலிருந்து கடைசி வரை தானே சொல்லி முடித்திருந்தார். கேட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த இவர் முகத்தை நானும் பார்த்தேன். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது. அதுவரை பேசட்டும், அப்புறம் எதுவோ ஆகட்டும் என்று முடிவெடுத்தேன். இது தப்பு என்று அப்போதே தெரியும். தெரிந்தேதான் செய்தேன். சவரம் செய்யும்போதெல்லாம் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். "இப்பல்லாம் ரொம்ப மெதுவா பண்ற" என்றார் ஒரு நாள். பிளேடு சரியில்லை என்றேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் டீ போடும் பாத்திரத்தை எடுத்தால் அடியில் துரு நிறத்தில் ஒரு கோடு. நீளமான கோடு. மாமியாரைக் கேட்டேன், தெரியாது என்றார். இவரைக் கேட்டேன், மென்று விழுங்கினார். சரி, பிறகு பார்க்கலாம் என்று தேய்த்து வைத்துவிட்டேன். இரண்டு நாளில் அவர் கன்னம் வீங்கியது. மறுநாள் காய்ச்சல். கன்னத்தைத் தொட்டால் சுட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"மூணு வாரமா அங்க என்னமோ கெட்டியாத் தட்டுப்படுது. நாக்க வெச்சா தெரியுது. நீ இப்பத்தான் கொஞ்ச நாளா நல்லாத் தூங்குற, அதான் சொல்லல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேலா, என் மேலா என்றுகூடத் தெரியவில்லை. தூங்குவதாக நான் நடித்ததை இந்த மனிதர் நம்பியிருக்கிறார். "எனக்கும் தெரியும். பத்தொம்பது நாளுக்கு மேல ஆகுது" என்றேன்.

"சரி, இந்த வீக்கம் எப்ப வந்துச்சு?" என்று நானே கேட்டேன்.

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "கோணூசி" என்றார்.

கோணூசி என்றால் சாக்குத் தைக்கும் ஊசி. எங்கள் பட்டறையில் இருப்பது ஒரு சாண் நீளம். பழைய சோபா வந்தால் உறையைப் பிரிக்காமலே அந்த ஊசியை உள்ளே விட்டுப் பார்ப்பார். மரம் நல்லதாக இருந்தால் ஊசி நங்கென்று நிற்கும். உளுத்துப்போயிருந்தால் ஊசியை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதே வைத்தியத்தை இந்த மகானுபாவர் தன் வாய்க்குள் செய்து பார்த்திருக்கிறார். டீப் பாத்திரத்தில் ஊசியைக் கொதிக்கவைத்து, கண்ணாடி முன்னால் நின்று, ஈறு வழியாக மூன்று இடத்தில். உணர்ச்சி இல்லாத இடம்தானே, வலிக்கவில்லையாம்.

"ரெண்டு இடத்துல நின்னுச்சு. நடுவுல ஒரு இடத்துல உள்ள போயிடுச்சு. சட்டம் உளுத்திருக்கு" என்றார். "கட்டிதான். திரும்ப வந்துடுச்சு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே போனேன். அழாமல் இருக்க எனக்கு அது ஒன்றுதான் வழி.

டாக்டரம்மா வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். மூன்று புள்ளிகளையும் பார்த்தார். "இது என்ன?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். டாக்டரம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என் சர்வீஸ்ல பல்லுக் குத்துற குச்சி பாத்திருக்கேன், ஹேர்பின் பாத்திருக்கேன். சாக்கு ஊசி பாத்ததில்ல" என்றார். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைத்துப் போட்டிருந்தன. ஒன்றில் ரெக்சின் கிழிந்து ஃபோம் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் இவர் அதைத் தடவிப் பார்த்து, யார் இதைச் செய்தது என்று ஆரம்பித்திருப்பார். அன்றைக்குக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது வரைக்கும் எடுத்தால் என்ன மிஞ்சும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் பேசாமல் போய்விட்டால் எனக்கு யாரைத் திட்டுவது? இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்தக் குரல் இல்லாத வீட்டில் இரண்டு மாதம் இருந்து பார்த்தவள் நான்.

டாக்டரம்மா எங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். திரையில் தாடை சுற்றியது. தகடு பளீரென்று தெரிந்தது. அதன் பின்னால், காலியாக இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு முனைகளிலிருந்தும் மங்கலாக என்னவோ ஒன்றை நோக்கி ஒன்று நீண்டிருந்தது.

"கட்டியா டாக்டர்?" என்று கேட்டேன்.

"எலும்பு" என்றார்.

புரியவில்லை. "யாரோட எலும்பு?" என்றார் இவர்.

"உங்களோடதுதான். அன்னிக்குச் சொன்னேனே, எலும்பு மேல இருந்த ஜவ்வ விட்டு வெச்சிருக்கேன்னு. ரொம்பச் சில பேருக்கு அந்த ஜவ்வே புது எலும்பு போடும். எப்பவாவதுதான் நடக்கும், அத நம்பி நாங்க உட்கார முடியாது. அதனாலதான் உங்களுக்கு ஆச காட்டல. கட்டி திரும்ப வந்த மாதிரி இதுல எதுவும் இல்ல."

இவர் திரையையே பார்த்தார். பிறகு, வீங்கிய கன்னத்தோடு, எச்சில் வழிய, "முப்பது வருஷமா சட்டத்துக்கு உறை போடுறேன். உறை சட்டம் போட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். முப்பது வருடம் என்பது பொய். அவருக்கு வயதே முப்பத்தி நாலு.

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரையில் பென்சிலால் ஒரு இடத்தைக் காட்டினார். இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் எதுவும் இல்லை.

"ஊசி உள்ள போச்சுன்னு சொன்னீங்களே, அது இங்க. இங்க எலும்பு இன்னும் வரல. வர்ற நேரம் இது. இப்ப இங்க சீழ் கட்டியிருக்கு." பென்சிலை இரண்டு பக்கமும் நகர்த்தினார். "புது எலும்பு ரொம்ப மெல்லிசு. சீழ் பரவுச்சுன்னா கரஞ்சு போயிடும். தகட்டையும் கழட்ட வேண்டி வரும். அப்புறம் காலு எலும்ப வெக்கறதுகூடக் கஷ்டம்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. கட்டி என்று நினைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அது விதி என்று இருந்துவிடலாம். இது கையில் கொடுக்கப்பட்டதை நாங்களே குத்திக் கெடுத்தது. நான் முதல் நாளே அழைத்து வந்திருந்தால் அந்த ஊசி அவர் வாய்க்குள் போயே இருக்காது. இவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தெரிஞ்ச அன்னிக்கே ஏன் வரல?" என்று கேட்டார்.

சீழை எடுத்துக் கழுவினார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கையில் குழாய் போட்டு மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் நான்காம் நாள் விட்டது, ஆறாம் நாள் திரும்ப வந்தது, எட்டாம் நாள் விட்டது. அந்த ஆறாம் நாளை நான் விவரிக்கப் போவதில்லை. நான் பட்டறையைப் பூட்டி வைத்திருந்தேன். மாமியார் தினமும் காலையில் வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்து, எதைச் சொன்னார் என்று அகப்படாமல் நிறுத்திக்கொள்வார். கோணூசியைப் பற்றி அவர் முன்கூட்டி எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அது அவருக்குப் பெரிய குறையாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். கால் எலும்பு அறுவைக்குக் குறித்த தேதியைத் தள்ளிவைத்தார்கள். நடுவில் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. நானும் சவரம் செய்யும்போது அந்த இடத்தைத் தொடவில்லை. தொட்டால் எதையாவது கற்பனை செய்துகொள்வேன் என்று பயம். அவர் நாக்கைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. எது தெரிந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அதனால் தினமும் சாயங்காலம் பட்டறையைப் பெருக்கும்போது, "ஏதாவது இருக்கா?" என்று நான் கேட்பேன். "ஒண்ணும் இல்ல. உனக்கு?" என்பார். இல்லை என்று சொல்லிவிட்டு விளக்கை அணைப்போம்.

மூன்று மாதம் முடிந்து மறுபடி ஸ்கேன். மறுபடி அதே அறை, அதே திரை. இந்த முறை டாக்டரம்மா எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார். நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, பென்சிலை நடு இடத்தில் வைத்தார்.

"சேந்துடுச்சு" என்றார்.

அந்த இடத்தில் கோடு இல்லை, இடைவெளி இல்லை. பழைய எலும்பு அளவுக்குப் பருமன் கிடையாது, கொஞ்சம் கோணலும்கூட. ஆனால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே எலும்பு. காலில் கை வைக்க வேண்டியதில்லை என்றார். கட்டி வந்த ஆள் என்பதால் வருடா வருடம் வந்து காட்ட வேண்டும், பல் கட்டுவதைப் பிறகு பார்க்கலாம். இனிமேல் மெதுவாக அந்தப் பக்கமும் மெல்லலாம். டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம்தான் போலிருக்கிறது, மூச்சு விடாமல் ஆறேழு வாக்கியம் பேசிவிட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். துள்ளிக் குதிப்பார், ஊரையே கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

டாக்டரம்மா ஒரு தட்டையான மரக்குச்சியை அவர் வாயில் இடது பக்கம் வைத்து, "மெதுவா கடிங்க" என்றார்.

அவர் வாயை மூடினார். குச்சி தளர்ந்து தொங்கியது.

"கடிங்க. ஒண்ணும் ஆகாது."

குச்சி அசையவில்லை. டாக்டரம்மா அதை எடுத்துவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டார். "வலிச்சா பரவால்ல டாக்டர். அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியல. கடிக்கிறேனா இல்லையான்னே தெரியாது. நீங்க படத்துல பாத்துட்டீங்க, இருக்குன்னு சொல்றீங்க. எனக்கு அது இருக்குற மாதிரியே இல்லயே. நாம்பாட்டுக்குக் கடிச்சு, நான் குத்துன இடத்துல உடஞ்சு போச்சுன்னா?" என்றார். "ஒரு தடவ என் கையாலயே கெடுத்துட்டேன்."

அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் எழுந்து மூலையில் இருந்த தொட்டியில் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம் விட்டார். வந்து அவர் முன்னால் நின்று, என் ஆள்காட்டி விரலை இடது பக்கம் விட்டேன்.

"கடிங்க. உங்களுக்குத் தெரியலன்னா எனக்குத் தெரியும்."

அவர் என் முகத்தைப் பார்த்தபடி வாயை மூடினார். மேலே பல் பட்டது. கீழே பல்லில்லாத ஈறு, மெத்தென்று. அவ்வளவுதான்.

"இன்னும்."

ஈறு அமுங்கி, அதற்கடியில் கெட்டியான ஒன்று வந்து என் விரலில் உட்கார்ந்தது. விரலைப் பின்னால் நகர்த்தினேன், அங்கேயும் இருந்தது. முன்னால் நகர்த்தினேன், இருந்தது. நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். அது எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, தாடையைத் தளர்த்தினார்.

"ஏங்க, கடிக்கச் சொன்னேன்."

கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். மேல் பல் என் விரலில் இறங்கியது, கீழே எலும்பு ஒரு மயிரிழைகூட விட்டுக்கொடுக்காமல் நின்றது. உச்சி வரைக்கும் வலி ஏறியது, என் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

அவர் கண்ணைத் திறந்து பார்த்துப் பதறினார். விரல் வாய்க்குள் இருக்க, "வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது" என்றேன். "விடாதீங்க."